அந்நிய மொழி கற்றல்: வகுப்பறையும் திரையும்

 

இந்த அரங்கில் வழக்கமாக நாவல்களையும் கவிதைகளையும் பற்றிப் பேசுவார்கள். நானும் கதை எழுதுகிறவள்தான். ஆனால் ஒருங்கிணைப்பாளர்கள் இந்த முறை என்னிடம் கேட்டது வேறு. புலம்பெயர்ந்த நம் எல்லோருக்கும் பொதுவான அனுபவம் ஒன்று உண்டு: வளர்ந்த வயதில் இன்னொரு மொழியைக் கற்றுக்கொள்வது. அதற்கான ஊக்கம் எங்கிருந்து வருகிறது? இணையவகுப்பில் அது ஏன் சீக்கிரம் வற்றிப்போகிறது? வகுப்பறையில் மட்டும் எப்படித் தாக்குப்பிடிக்கிறது? இதைப் பேச முடியுமா என்று கேட்டார்கள்.

நான் தமிழ்நாட்டில் ஜி.என்.எம். டிப்ளமோ படித்தவள். வளைகுடாவில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஜெர்மனியில் முதியோர் மருத்துவப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். ஜெர்மன் மொழியை நான் இரண்டு விதமாகவும் படித்திருக்கிறேன். முதல் இரண்டு நிலைகள் சென்னையில் ஒரு வகுப்பறையில். மூன்றாம் நிலையின் நடுவில் 2020 மார்ச் ஊரடங்கு வந்தது; வகுப்பு அப்படியே திரைக்கு மாறியது. அதே ஆசிரியை, அதே பாடப்புத்தகம், அதே 18 பேர். மாறியது அறை மட்டும்தான். இப்போது சனிக்கிழமை மாலைகளில் ஊரிலிருந்து ஜெர்மனிக்கு வரத் தயாராகும் செவிலியர்களுக்கு இணையவழியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன். எனவே இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தவள் என்ற முறையில் பேசுகிறேன். ஆய்வாளர்கள் சொன்னதையும் தேவையான இடத்தில் சேர்த்துக்கொள்கிறேன்.

முதலில் இதில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மொழி படிப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. செவிலியருக்கு அப்படி இல்லை. ஜெர்மனியில் முழுத் தகுதி பெற்ற செவிலியாகப் பதிவு பெற, பொதுவாக பி2 நிலை தேவை. ஐரோப்பியக் கவுன்சில் 2001இல் வெளியிட்ட அளவுகோல் மொழித்திறனை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகளாகப் பிரிக்கிறது. பி2 நான்காம் படி. இந்தியாவில் மாக்ஸ் முல்லர் பவன் என்று அறியப்படும் கோத்தே நிறுவனம், இந்தப் படியை எட்ட 45 நிமிட வகுப்புகள் 600 முதல் 800 வரை வேண்டும் என்று கணக்குச் சொல்கிறது. அதாவது 450 முதல் 600 மணி நேரம். தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் 100க்கு 60 வாங்க வேண்டும். மூன்றில் தேறி, பேசுவதில் மட்டும் நின்றுபோகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். அதற்குள் ஊரில் வேலையை விட்டிருப்பார்கள். விடுதி வாடகைக்கு நகை அடகுக்குப் போயிருக்கும். ஜெர்மனிக்கு வந்த பிறகும், தகுதி அங்கீகரிக்கப்படும்வரை உதவியாளர் சம்பளத்தில்தான் பலர் இருக்கிறார்கள். ஆகவே ஊக்கம் வற்றுவது என்பது இங்கே ஒரு குடும்பத்தின் கணக்கையே புரட்டிப்போடும் விஷயம்.

வகுப்பைப் பாதியில் விட்ட பெண்ணைப் பற்றி வீட்டில் என்ன சொல்வார்கள்? "அவளுக்கு ஆர்வம் இல்லை." அதோடு விஷயம் முடிந்துவிடும். எங்கள் தொழிலில் அப்படி முடிக்க விடமாட்டோம். வயதான நோயாளி ஒருவர் சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல் திருப்பி அனுப்பினால், "அவருக்குச் சாப்பிட மனமில்லை" என்று எழுதிவிட்டு நகரக் கூடாது. வாயில் புண் இருக்கிறதா, பல்செட் தளர்ந்திருக்கிறதா, தட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததா, தனியாக உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்கவில்லையா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். பசியின்மை ஓர் அறிகுறி. காரணம் வேறெங்கோ இருக்கிறது. படிப்பில் ஊக்கமின்மையையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

மொழி கற்பதில் ஊக்கத்தை ஆராய்ந்தவர்களில் முன்னோடிகள் கனடாவைச் சேர்ந்த ராபர்ட் கார்ட்னரும் வாலஸ் லாம்பர்ட்டும். ஆங்கிலமும் பிரெஞ்சும் பக்கத்துப் பக்கத்தில் வாழும் மாண்ட்ரியால் நகர மாணவர்களை வைத்து 1959இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. ஊக்கத்தை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். வேலை, சம்பளம், தேர்வு போன்ற பயனுக்காகப் படிப்பது ஒன்று. அந்த மொழி பேசுகிறவர்களோடு கலந்து பழகும் ஆசையில் படிப்பது மற்றொன்று. இரண்டாவதுதான் நீடிக்கும் என்று வெகுகாலம் நம்பினார்கள். ஆனால் 1972இல் யாஸ்மீன் லுக்மானி பம்பாயில் மராத்தி பேசும் பள்ளி மாணவிகளிடம் ஆராய்ந்தபோது, அவர்கள் ஆங்கிலம் படித்தது பெரிதும் பயனுக்காகவே என்பதும், அந்த ஊக்கத்தோடே நன்றாகப் படித்தார்கள் என்பதும் தெரிந்தது. நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. நம் ஊரில் வெள்ளைக்காரரோடு பழக ஆசைப்பட்டு ஆங்கிலம் படித்தவர்களைவிட, வேலைக்காகப் படித்தவர்களே அதிகம்.

எனவே "வேலைக்காகத்தானே படிக்கிறாய்" என்று யாரையும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. அது நல்ல எரிபொருள்தான். ஆனால் 600 மணி நேரத்துக்கு அது மட்டும் போதுமா என்பதுதான் கேள்வி. பயன் என்பது வெகுதொலைவில், ஒன்றரை வருடத்துக்கு அப்பால் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை இரவு 8 மணிக்கு, பகல் முழுக்க வார்டில் நின்ற காலோடு, வினைச்சொல்லின் இறந்தகால வடிவங்களைப் படிக்க உட்கார வைப்பது எது?

இதற்கு எனக்கு உதவியான விளக்கம் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயான் இருவருடையது. 1985இல் அவர்கள் எழுதிய நூலில் விரிவாக வந்த கோட்பாடு அது. மனிதர்கள் ஒரு வேலையை உள்ளிருந்து எழும் விருப்பத்தோடு செய்ய மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்கிறார்கள். இது என் விருப்பப்படி நடக்கிறது என்ற சுதந்திரம். என்னால் இது முடிகிறது என்ற உணர்வு. நான் சிலரோடு சேர்ந்திருக்கிறேன் என்ற உறவு. வகுப்பறையையும் திரையையும் இந்த மூன்றையும் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்போம்.

உறவிலிருந்து தொடங்குகிறேன். சென்னை வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது திண்டுக்கல் பெண் ஒருத்தி. இடைவேளையில் டீக்கடைக்கு ஆறேழு பேர் சேர்ந்து போவோம். ஒருவர் ஒருநாள் வராவிட்டால் மறுநாள் "ஏன் நேத்து வரல?" என்று நாலு பேர் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்பதற்காகவே மழையில் நனைந்துகொண்டு வந்தவர்கள் உண்டு. அப்போது அதை யாரும் ஊக்கம் என்று நினைக்கவில்லை. திரைக்கு மாறிய இரண்டாவது வாரத்திலேயே கேமராக்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. கறுப்புக் கட்டங்களில் பெயர்கள் மட்டும். ஒரு நாள் ஒரு கட்டம் குறைந்தது. யாருக்கும் உடனே தெரியவில்லை. வகுப்பறையில் காலி நாற்காலி கண்ணில் படும். திரையில் ஒருவர் போய்விட்டால், மற்றவர்களின் கட்டங்கள் சற்றுப் பெரிதாகி அந்த இடத்தை நிரப்பிவிடும்.

இரண்டாவது, முடியும் என்ற உணர்வு. வகுப்பறையில் மற்றவர்கள் திணறுவதையும் நாம் கேட்கிறோம். ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் ஆண்பால், பெண்பால், இரண்டுமல்லாத பால் என்று டெர், டி, டாஸ் ஆகிய மூன்றில் ஒன்று வரும். மேசை ஆண், விளக்கு பெண், சிறுமி மூன்றாவது பால்! இதில் எல்லோரும் தடுமாறுவார்கள், சிரிப்பார்கள். கஷ்டம் எனக்கு மட்டும் இல்லை என்று மனம் லேசாகும். இணையவகுப்பில் மைக்கை அணைத்து வைத்திருப்பதால் பிறர் தடுமாற்றம் கேட்பதில்லை. நன்றாகப் பதில் சொல்லும் இரண்டு பேரின் குரல் மட்டும் கேட்கும். மற்ற 16 பேரும் தனித்தனியே "நான் ஒருத்திதான் மக்கு" என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஆசிரியைக்கும் இதே இழப்பு. முகம் சுருங்குவதைப் பார்த்து பாடத்தை மறுபடி சொல்கிறவர், கறுப்புக் கட்டத்தைப் பார்த்து என்ன செய்வார்?

இதில் உடலின் பங்கும் இருக்கிறது. நேருக்கு நேர் பேசும்போது ஒருவர் முடித்ததும் மற்றவர் தொடங்குவதற்கு ஆகும் இடைவெளி மிகச் சிறியது. டானியா ஸ்டிவர்ஸ் குழுவினர் 2009இல் 10 மொழிகளை ஒப்பிட்டு, சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு என்று கண்டார்கள். இணையத் தாமதம் இந்தத் தாளத்தைக் குலைத்துவிடுகிறது. இருவரும் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள், இருவரும் நிறுத்துவார்கள், "நீங்க சொல்லுங்க" என்பார்கள். தாய்மொழியிலேயே இது சங்கடம். வாக்கியத்தைத் தலைக்குள் அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கும் புதிய மாணவிக்கு, ஒரு தடங்கலில் அத்தனை அடுக்கும் சரிந்துவிடும். இன்னொன்று, பேசும்போது தன் முகத்தையே திரையில் பார்த்துக்கொண்டிருப்பது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் எழுதிய கட்டுரையில், காணொளிச் சந்திப்புகள் களைப்பூட்டுவதற்கு அவர் முன்வைத்த காரணங்களில் இதுவும் ஒன்று. யாரும் கையில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பிறரோடு பேசுவதில்லை அல்லவா?

இதுவரை கேட்டால் வகுப்பறை சொர்க்கம், திரை நரகம் என்று தோன்றும். அப்படி இல்லை. மூன்றாவது தேவையான சுதந்திரத்தில் இணையவகுப்பு முந்திவிடுகிறது. நாகர்கோவிலிலோ ராமநாதபுரத்திலோ இருக்கும் ஒரு செவிலி ஜெர்மன் படிக்கச் சென்னைக்கோ கொச்சிக்கோ போய் விடுதியில் தங்க வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. கைக்குழந்தை உள்ளவள் அதை நினைத்தும் பார்க்க முடியாது. என் சனிக்கிழமைக் குழுவில் தூத்துக்குடியைச் சேர்ந்த ஒரு தங்கை இருந்தாள். இரவுப் பணி முடித்து, குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, பதிவுசெய்த பாடங்களைக் கேட்பாள். ஒரே உரையாடலைப் பத்துத் தடவை கேட்டேன் அக்கா என்பாள். வகுப்பறையில் எந்த ஆசிரியரும் ஒன்றைப் பத்துத் தடவை சொல்ல மாட்டார். கேட்டல் தேர்வில் எங்கள் குழுவிலேயே அதிக மதிப்பெண் அவளுக்குத்தான்.

அதோடு வகுப்பறையும் எல்லோருக்கும் இதமான இடம் அல்ல. எலைன் ஹார்விட்ஸும் அவரது சகாக்களும் 1986இல் டெக்சஸில் 33 கூற்றுகள் கொண்ட ஒரு வினாப்பட்டியலை உருவாக்கினார்கள். அந்நிய மொழி வகுப்பில் ஏற்படும் பதற்றத்தை அளப்பதற்கான பட்டியல் அது. பெயர் கூப்பிடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் நெஞ்சு படபடப்பது, தப்பாகப் பேசினால் சிரிப்பார்களோ என்று அஞ்சுவது. நம் ஊரில் பள்ளியில் ஆங்கில வகுப்பில் பட்ட அவமானத்தைப் பலர் 30 வயதிலும் சுமந்துகொண்டு ஜெர்மன் வகுப்புக்கு வருகிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு அரட்டைப் பெட்டியில் பதில் எழுதுவது ஒரு நிம்மதி. இன்னொரு கணக்கும் பாருங்கள்: 18 பேர் உள்ள வகுப்பில் 90 நிமிடமும் ஆசிரியர் வாயே திறக்காவிட்டாலும் ஆளுக்கு 5 நிமிடம்தான் பேசக் கிடைக்கும். இணையத்தில் மூன்று மூன்று பேராகத் தனி அறைகளுக்குப் பிரித்து அனுப்பினால் அரை மணி நேரத்திலேயே ஆளுக்கு 10 நிமிடம் கிடைத்துவிடும்.

2020இல் நடந்ததை வைத்து இணையவழிக் கல்வியையே எடைபோடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த மார்ச் மாதத்திலேயே சார்ல்ஸ் ஹாட்ஜஸ் முதலிய கல்வியாளர்கள், இது நெருக்கடிகாலத் தொலைநிலைக் கற்பித்தல், திட்டமிட்டு உருவாக்கிய இணையக் கல்வி வேறு என்று எழுதினார்கள். விபத்துக்குப் பிறகு சாலையோரத்தில் போடும் கட்டை வைத்து மருத்துவமனையின் தரத்தைச் சொல்ல முடியாது. எங்கள் ஆசிரியை வகுப்பறைக்கென்று தயாரித்த பாடத்தை, இரண்டு நாள் அவகாசத்தில் ஒரு கைப்பேசி முன்னால் நின்று நடத்தினார்.

ஆக, இணையமா வகுப்பறையா என்று கேட்பதைவிட, இந்த மூன்று தேவைகளில் எது அங்கே குறைகிறது என்று கேட்பது பயனுள்ளது. வகுப்பறையில் பெரும்பாலும் சுதந்திரம் குறைகிறது. இணையத்தில் பெரும்பாலும் உறவு குறைகிறது. உறவு குறையும்போது, நாலு பேர் சேர்ந்து தூக்கிய சுமையை ஒருத்தி தனியாகத் தூக்க வேண்டி வருகிறது. அவளிடம் ஆர்வம் இருந்தது. தாங்கிப்பிடிக்கக் கைகள்தான் இல்லை.

கைப்பேசிச் செயலிகள் இந்த இடைவெளியை நிரப்பப் பார்க்கின்றன. டுவோலிங்கோவைப் பயன்படுத்தியவர்களுக்குத் தெரியும்: தொடர்ந்து எத்தனை நாள் படித்தீர்கள் என்ற எண்ணிக்கை, புள்ளிகள், படிநிலைகள். தினமும் திறக்க வைக்கும் உத்தி என்ற அளவில் அது பலன் தருகிறது. ஆனால் டெசி 1971இல் செய்த ஒரு சோதனையை இங்கே நினைத்துக்கொள்வேன். மாணவர்களிடம் சோமா என்ற கனசதுரப் புதிர்களைக் கொடுத்தார். ஒரு குழுவுக்கு விடுவித்த புதிருக்கெல்லாம் பணம் கொடுத்தார். பிறகு பணத்தை நிறுத்தியதும், ஓய்வு நேரத்தில் அவர்கள் புதிரைத் தொடும் நேரம் குறைந்தது. வெகுமதி ஆசையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளக்கூடும். 200 நாள் தொடர் எண்ணிக்கை ஒரு நாள் அறுந்ததும் செயலியையே நீக்கிவிட்ட பிள்ளைகளை நான் அறிவேன். அவர்கள் காப்பாற்றிக்கொண்டிருந்தது எண்ணிக்கையை.

இப்போது 300 ஆண்டுகள் பின்னால் போய் எதிர்த்திசைப் பயணி ஒருவரைப் பார்ப்போம். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார் பார்த்தலோமேயுஸ் சீகன்பால்க் என்ற ஏறக்குறைய 24 வயது ஜெர்மானியர். தமிழ் ஓரெழுத்தும் தெரியாது. கையில் அகராதி இல்லை, ஐரோப்பிய முறைப்படியான வகுப்பு இல்லை. அவர் செய்தது, ஒரு தமிழ் ஆசிரியரைத் தம் வீட்டிலேயே திண்ணைப் பள்ளி நடத்தச் சொல்லி, சிறுபிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகியது. பல மொழி தெரிந்த அழகப்பன் என்ற துபாஷியைத் துணைக்கு வைத்துக்கொண்டார். கூடவே ஓலைச்சுவடிகளைத் தேடித்தேடி வாசிக்கச் செய்து கேட்டார். 1708இல் தம்மிடம் சேர்ந்த தமிழ் நூல்களுக்கு ஒரு விவரப்பட்டியலே தயாரித்தார். 1714-15இல் அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வந்தது. 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அவரது தமிழ் இலக்கண நூல் வெளியானது.

அவர் மதம் பரப்ப வந்தவர்; அதைப் பற்றி அவரவர் கருத்து அவரவருக்கு. மொழி கற்றவராக அவரைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. மணலில் எழுதும்போது சுற்றிலும் பிள்ளைகள் இருந்தார்கள். சுவடியோடு இருந்தபோது தன் போக்கில் ஆழ்ந்தார். தெருவில் இறங்கினால் அந்த மொழியில் பதில் எதிர்பார்க்கும் மனிதர்கள் நின்றார்கள். கூட்டாகக் கற்பது, தனியாகக் கற்பது, யாரோ ஒருவர் பதிலுக்குக் காத்திருப்பது ஆகிய மூன்றும் ஒரே நாளில் அவருக்குக் கிடைத்தன.

யாரோ ஒருவர் பதிலுக்குக் காத்திருப்பது என்பதைக் கொஞ்சம் விரிக்க வேண்டும். ஏனென்றால் வகுப்பறையிலும் திரையிலும் சேர்ந்தே காணாமல் போகிற விஷயம் இதுதான். பாடப்புத்தகம் பெர்லினில் ரயில் சீட்டு வாங்கச் சொல்லிக்கொடுக்கும். கேட்கிறவருக்கும் சொல்கிறவருக்கும் பதில் முன்பே தெரியும். வார்டில் நிலைமை வேறு. ஒரு பாட்டி "இஷ் முஸ் மால்" என்பார். நேர்ப்பொருள் "நான் வேண்டும் ஒருமுறை" என்பது போல அரைகுறையாக இருக்கும், முதன்மை வினையே இல்லை. கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பதுதான் அர்த்தம். அது புரியாவிட்டால் என்ன நடக்கும் என்று செவிலியர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இன்னொருவர் "எஸ் ட்சீட்" என்பார். இழுக்கிறது என்று பொருள். ஜன்னல் வழியே குளிர்காற்று வருகிறது என்பதற்கும் அதையே சொல்வார்கள். உடம்பில் இழுப்பது போன்ற வலிக்கும் அந்த வினையையே சொல்வார்கள். ஜன்னலைச் சாத்துவதா, மருத்துவரைக் கூப்பிடுவதா? நம் ஊரிலும் "சுருக்குனு குத்துது", "விண்ணுவிண்ணுனு தெறிக்குது", "மதமதன்னு இருக்குது" என்று மூன்றுவிதமாகச் சொன்னால் மூன்றும் மூன்று வலி அல்லவா? இந்த உதாரணங்களைச் சனிக்கிழமை வகுப்பில் சொன்ன அன்று கறுப்புக் கட்டங்களில் பாதிக்கு மேல் முகம் வந்தது. ரயில் சீட்டு வாங்கும் தங்களை அவர்களால் கற்பனை செய்ய முடியவில்லை. அந்தக் கட்டில் பக்கத்தில் நிற்கும் தங்களை முடிந்தது.

ஹங்கேரியில் பிறந்த மொழியியலாளர் சோல்டான் டோர்ன்யெய் 2005இல் முன்வைத்த கருத்து இதுதான்: அந்த மொழியைப் பேசுகிற வருங்காலத் தன்னைத் தெளிவாகக் காண முடிந்தவரே தொடர்ந்து படிக்கிறார். பிறர் எதிர்பார்ப்புக்காகச் சுமக்கும் பிம்பம் அந்த அளவுக்குத் தாங்காது. அப்பா கடன் வாங்கியிருக்கிறார் என்பது இரண்டாம் வகை. அது பயத்தைத் தரும். பயம் சில மாதம் ஓடும்.

என் அனுபவத்தில் பலன் தந்த சில ஏற்பாடுகளைச் சொல்கிறேன். இணையவகுப்பு நடத்துகிறவர்களுக்கும், வீட்டில் அப்படிப் படிக்கும் பிள்ளை இருப்பவர்களுக்கும் உதவக்கூடும்.

மூன்று பேர் கொண்ட சிறு குழுக்கள். குழு மாறாது. ஒருத்தி வராவிட்டால் அன்றிரவே மற்ற இருவரில் ஒருத்தி கூப்பிட்டுப் பேச வேண்டும். திட்டுவதற்கு அல்ல, டீக்கடைக் கேள்விக்குப் பதிலாக. வாரநடுவில் ஒருவருக்கொருவர் ஒரு நிமிடக் குரல்பதிவு அனுப்ப வேண்டும். அன்று வார்டில் நடந்ததைச் சொன்னால் போதும். இலக்கணம் யாரும் திருத்தக் கூடாது. மற்றவள் அதைக் கேட்டு ஒரு கேள்வி கேட்க வேண்டும், அவ்வளவுதான். கேமராவை முதல் பத்து நிமிடம் கட்டாயம் போடச் சொல்வேன், தன் முகத்தை மட்டும் மறைத்துவைத்துக்கொள்ளலாம். மாதத் தொடக்கத்தில் பேசியதையும் முடிவில் பேசியதையும் பதிவுசெய்து அடுத்தடுத்துக் கேட்கச் சொல்வேன். முன்னேற்றத்தை நான் பத்து முறை சொல்வதைவிட அவர்கள் காதால் ஒருமுறை கேட்பது வலுவானது.

மாதத்துக்கு ஒருமுறை, ஓய்வுபெற்ற ஜெர்மன் அம்மையார் ஒருவரை அழைப்பேன். அவர் ஆசிரியர் அல்ல, திருத்தத் தெரியாது. ஆனால் அவருக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியவை நிறைய இருந்தன. 40 டிகிரி வெயிலில் இரவு எப்படித் தூங்குகிறீர்கள்? கல்யாணத்துக்கு ஏன் அத்தனை பேர்? கையால் சாப்பிடும்போது சுடாதா? பதில் தெரியாத ஒருவர், ஆர்வத்தோடு, மெதுவாகக் காத்திருக்கிறார். தேர்வில் வாய் திறக்காத ஒரு பெண் மதுரை ஜிகர்தண்டாவை விளக்க ஏழு நிமிடம் பேசினாள்.

தெரிந்த விஷயத்தைத் தெரியாத மொழியில் கேட்பதும் பெரிய துணை. எனக்கு அது தேவாலயத்தில் கிடைத்தது. கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சிறுவயது முதல் தமிழில் சொல்லிவருகிறேன். இங்கே ஞாயிறு ஆராதனையில் ஜெர்மனில் சபையார் அதைச் சொன்னபோது, அகராதி இல்லாமலே ஒவ்வொரு சொல்லும் தன் அர்த்தத்தோடு வந்து உட்கார்ந்தது. உங்களுக்கு அது சமையல் குறிப்பாக இருக்கலாம், கிரிக்கெட் வர்ணனையாக இருக்கலாம், தமிழில் பலமுறை வாசித்த நாவலின் மொழிபெயர்ப்பாகவும் இருக்கலாம். இலக்கிய வாசகர்களான நமக்கு இது எளிதில் கைக்கெட்டும் வழி.

பி2 சான்றிதழ் கைக்கு வந்த பிறகு என்ன என்பதையும் யோசிக்க வேண்டும். பயனுக்கான ஊக்கம் அன்றோடு வேலையை முடித்துக்கொள்கிறது. ஜெர்மனிக்கு வந்து, பணி நேரத்தில் தேவையானதை மட்டும் பேசி, இடைவேளையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு, அறைக்குப் போய்த் தமிழ்க் காணொளிகளோடு தூங்குகிறவர்கள் பலர். களைப்பு, குறைசொல்ல முடியாது. ஆனால் இரண்டு வருடத்தில் அவர்கள் மொழி அதே இடத்தில் நிற்கும். மறதிநோய் வந்த முதியவர்கள் பலர் தங்கள் இளமைக்கால வட்டார வழக்குக்குத் திரும்பிவிடுவதை வார்டில் பார்க்கிறோம். புத்தக ஜெர்மன் மட்டும் தெரிந்த செவிலி அவர்கள் பக்கத்தில் நின்றும் தொலைவில் இருப்பாள். கார்ட்னர் சொன்ன அந்த இரண்டாவது ஊக்கம், மனிதர்களோடு கலக்கும் ஆசை, இங்கேதான் தேவைப்படுகிறது.

இதன் மறுபக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. 1980களில் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த தமிழர்கள் இப்போது முதுமையடைகிறார்கள். பின்னால் கற்ற மொழிகள் முதலில் நழுவ, கடைசியில் தமிழ் மட்டும் எஞ்சும் நாள் அவர்களில் சிலருக்கு வரலாம். அப்போது கட்டில் பக்கத்தில் நிற்கப்போவது இங்கே பிறந்த பேரப்பிள்ளைகள். அவர்களுக்குத் தமிழ் ஏறக்குறைய அந்நிய மொழி. வார இறுதிப் பள்ளியிலோ இணையவகுப்பிலோ படிக்கிறார்கள். "ஆர்வமே இல்லை" என்று அவர்களைப் பற்றியும் நாம் சொல்கிறோம். தட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்தோமா? சேர்ந்து படிக்க இரண்டு தோழர்கள் இருக்கிறார்களா? தப்பாகப் பேசினால் சித்தப்பாக்கள் சிரிக்கிறார்களா? அந்தப் பிள்ளை தமிழில் சொல்லும் பதிலுக்காக உண்மையிலேயே காத்திருக்கும் ஒரு தாத்தாவோ பாட்டியோ தொலைபேசியின் மறுமுனையில் உண்டா? உண்டு என்றால், வாரம் ஒருமுறை அந்த அழைப்பை ஏற்பாடு செய்யுங்கள். பிள்ளை பேசும்போது பக்கத்தில் நின்று சொல் எடுத்துக்கொடுக்காமல் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள்.

 உங்களில் பலர் நார்வேஜியன், பிரெஞ்சு, டச்சு என்று வெவ்வேறு மொழிகளை 30, 40 வயதில் கற்றவர்கள். எது உங்களைத் தொடர வைத்தது, எங்கே நின்றுபோனீர்கள் என்று கேட்க எனக்கு ஆசை. என் அடுத்த சனிக்கிழமைக் குழுவுக்கு அவை உதவும். இனி நீங்கள் பேசுங்கள். விருப்பம் இருந்தால் கேமராவையும் போட்டுக்கொள்ளுங்கள்.